பூனைக்குட்டியின் விலை பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெர்சியன் பூனைக்குட்டிக்கு 28,000 ரூபாய் வாங்குகிறோம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அதே குட்டி 9,000-க்குக் கிடைக்கிறது, போதாக்குறைக்கு முன்பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் இழுத்தடிக்கிறோம் என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எங்களுக்கே அனுப்பி விளக்கம் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல்.

விலை அதிகம் என்றதில் வருத்தமில்லை. காசு கொடுப்பவர் கேட்கத்தான் செய்வார். 'இழுத்தடிக்கிறார்கள்' என்றதுதான் உறுத்துகிறது.

குட்டி நாலாவது வாரத்தில் திட உணவை நக்க ஆரம்பிக்கும், பால் முழுக்க மறக்க ஏழெட்டு வாரம் ஆகும். பஞ்சுப் பொதியாகப் பார்க்க அழகாக இருப்பது ஐந்தாவது வாரத்தில். சந்தைக்கு வருவதும் பெரும்பாலும் அப்போதுதான். அந்த வயதில் தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி கரைந்துகொண்டிருக்கும், தடுப்பூசியும் போட்டிருக்காது. கேட் பார்வோ என்று நாம் சொல்லும் பேன்லூக்கோபீனியா என்ற கொடிய வைரஸ் நோய்க்கு இதைவிடத் தோதான நேரம் இல்லை. கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய 2 முதல் 10 நாள் பிடிக்கும். ஞாயிறன்று துள்ளிய குட்டி வியாழனன்று வாந்தியெடுத்துச் சுருளும். வாங்கியவரோ தன் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார். அந்தக் கிருமி தரையிலும் கூண்டிலும் ஓராண்டு வரைகூடத் தங்கும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால்தான் போகும். ஃபினாயிலும் டெட்டாலும் வேண்டாம், அவை பூனைக்கே நஞ்சு.

இந்த நோய் உட்பட மூன்று நோய்களைத் தடுக்கும் ட்ரைகேட் ஊசியில் முதலாவது எட்டாவது வாரம், இரண்டாவது 12-ஆவது வாரம். அவசரப்பட்டு முன்னதாகப் போட்டால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியே ஊசி மருந்தை வேலை செய்யவிடாது. இரண்டாவது ஊசி முடிந்து ஒரு வாரம் கவனித்துவிட்டு, 13-ஆவது வாரத்தில் உங்கள் கையில் தருகிறோம். அதுவரை வைத்திருப்பதில் எங்களுக்குத் தீனிச் செலவும் மின்கட்டணமும்தான் மிச்சம்.

எங்கே வாங்கினாலும் வயதை நீங்களே பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குக் கடைவாயிலும் பால்பற்கள் வந்திருக்கும், எடை 800 கிராமை ஒட்டி இருக்கும். கண் இன்னும் மங்கலான நீலமாக இருந்தால் பெரும்பாலும் ஏழு வாரம் ஆகவில்லை என்று அர்த்தம் (ஹிமாலயன் வகைப் பூனைக்கும் சில வெள்ளைப் பூனைகளுக்கும் இது பொருந்தாது). தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த அட்டையைக் காட்டி 'பெடிகிரி பேப்பர்' என்பவர்களும் உண்டு. பெடிகிரி என்பது பூனைச் சங்கம் தரும் வம்சாவளிச் சான்று. அதிலும் பாட்டன் பூட்டன் பெயர்தான் இருக்குமே தவிர ஆரோக்கியத்துக்கு உத்தரவாதம் இருக்காது.

ஆரோக்கியத்துக்குத் தனிச் சோதனை இருக்கிறது. பெர்சியன் வகையில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வளரும் பிகேடி என்ற பரம்பரை நோய் உண்டு. தாய் தந்தையில் ஒன்றுக்கு இருந்தாலே போதும், ஈற்றில் சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்கு வந்துவிடும். ஆனால் சிறுநீரகம் பழுதாகிப் பூனை படுப்பது ஏழு வயதை ஒட்டி. அப்போது விற்றவரை எங்கே தேடுவது? கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும், ஆயுளுக்கு ஒருமுறை செய்தால் போதும். எங்கள் ஜோடிகள் எல்லாவற்றுக்கும் செய்திருக்கிறோம், முடிவு கடையிலேயே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். இந்தச் செலவோடு ஸ்கேன், சினைத் தாய்க்குத் தனித் தீனி எல்லாம் சேரும். தட்டை முகக் குட்டிகளுக்குத் தலை பெரிது என்பதால் சிசேரியன் செய்ய நேர்ந்தால் அதற்கே 15,000 ரூபாயை ஒட்டிப் போய்விடும். ஈற்றுக்கு நாலு குட்டி என்று வைத்து வகுத்துப் பாருங்கள்.

பலரும் முகம் முழுக்கத் தட்டையான எக்ஸ்ட்ரீம் பஞ்ச் வகைதான் வேண்டும் என்று வருகிறீர்கள். எங்கள் யோசனை டால் ஃபேஸ் என்ற பொம்மை முக வகை. மூக்கு சற்று நீண்டிருப்பதால் மூச்சு சீராக இருக்கும், கண்ணீர் வடிவது குறையும். நம் ஊர் வெயிலுக்கும் அதுதான் தாங்கும். விலையும் குறைவு, எங்களுக்கு லாபமும் குறைவு.

வாங்கும் விலை ஒருமுறைதான். வளர்ந்த பூனைக்கு மாதம் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உலர் தீனியும், பூனை மலஜலம் கழிக்கும் தட்டுக்குப் பத்துக் கிலோவை ஒட்டி மண்ணும் ஆகும். மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாது. இதை மிச்சப்படுத்தத் தயிர்சாதத்துக்கு மாற்றாதீர்கள். அதில் டாரின் என்ற சத்து போதாது, அது குறைந்தால் இதயம் வீங்கும், விழித்திரை கெடும், போன பார்வை திரும்பாது. ஸ்டீல் சீப்பால் தினமும் வாரவேண்டும், முக்கியமாக அக்குளும் வயிறும். சிக்குப் பிடித்தால் கத்தரிக்கோல் வைக்காதீர்கள், பூனையின் தோல் மெல்லியது, முடியோடு சேர்ந்து கிழியும். குளிப்பாட்டினால் அடிமுடி வரை ட்ரையரில் காயவிடுங்கள், ஈரம் தங்கினால் தோல் கெடும். படர்தாமரை வந்துவிட்டால் வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பதோ, நாய்க்கான உண்ணி மருந்தைத் தடவுவதோ கூடவே கூடாது, இரண்டும் உயிரைப் பறிக்கும். பெரிய செலவு வந்தால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. காலையிலேயே போய்விடுங்கள்.

அந்தப் பதிவைக் கேட்ட பிறகும் வந்து தீனி வாங்கிப்போனவர்களுக்கும், எங்களுக்காகக் குழுக்களில் பதில் எழுதியவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இத்தனை ஆண்டாகக் கடை நடப்பதே உங்களால்தான்.

முடி வெட்டும் தம்பி சொந்த ஊருக்குப் போய்விட்டதால் க்ரூமிங் இனி சனி, ஞாயிறு மட்டும். தீபாவளிக்குப் பூனைகளை விட்டுச்செல்லும் வசதி இந்த முறை இல்லை. ஆவணி மாதத்திலிருந்து ஒரு குட்டி 32,000 ரூபாய், முன்பணம் திருப்பித் தரப்படாது. ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்குப் பழைய விலையேதான்.

16-ஆவது வாரத்துக்கான மூன்றாவது ட்ரைகேட்டும் ரேபிஸ் ஊசியும் உங்கள் பொறுப்பு. போட்டதும் அட்டையைப் படமெடுத்துக் கடை எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள், அடுத்த ஆண்டு ஊசிக்கு நாங்களே நினைவூட்டுகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்