ராசிபலனும் அறிவியல் புனைகதையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அறிவியல் புனைகதைக் கட்டுரையை வாசித்தேன். ‘இந்த எழுத்தாளர்கள் சொன்னதில் பாதிகூடப் பலிக்கவில்லை’ என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். பக்கம் மாறிவிட்டதோ என்று புரட்டிப் பார்த்தேன். இல்லை, ராசிபலன் அதனிடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. அங்கே எது பலித்தது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

தங்களுக்குத் தெரியாததில்லை. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1895இல் ‘கால இயந்திரம்’ நாவலை எழுதியது, அப்படி ஒரு வண்டி என்றைக்கு வரும் என்று நாள் குறித்துக் கொடுக்கவா? மேலே நோகாமல் வாழும் ஒரு கூட்டம், பூமிக்கடியில் இயந்திரங்களோடு கிடக்கும் இன்னொரு கூட்டம் என்று, தன் காலத்து ஏழை பணக்கார வித்தியாசத்தை எட்டு லட்சம் ஆண்டுக்கு இழுத்துப் பார்த்தார் மனிதர். அது பலிக்கட்டும் என்றா காத்திருக்கிறார் உங்கள் கட்டுரையாளர்?

சுஜாதாவுக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறார். ரோபோ நாய் வந்துவிட்டதாம், ஜீனோ பாஸ்! அந்த நாய் வரும் ‘என் இனிய இயந்திரா’ நாவலில் பிள்ளை பெற்றுக்கொள்ளவே அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நாட்டையே ஆட்டிவைக்கும் தலைவர் கடைசியில் வெறும் பிம்பம். இதெல்லாம் கண்ணில் படவில்லை, நாய் மட்டும் பட்டிருக்கிறது.

அப்புறம், ரோபோக்கள் எப்படி நடக்கவேண்டும் என்று எழுத்தாளர் ஐசக் அசிமோவ் தன் கதைகளில் வகுத்த அந்த மூன்று விதிகள். செயற்கை நுண்ணறிவு பற்றி யார் எழுதினாலும் தேசியகீதம் மாதிரி இதைப் பாடிவிடுகிறார்கள். விதிகள் முழுசாக வெளிவந்த 1942ஆம் ஆண்டுக் கதையில் என்ன நடக்கிறது? புதன் கோளில் செலீனியம் என்ற தனிமத்தை எடுத்துவரப் போன ஒரு ரோபோ, குட்டைக்குப் பக்கத்தில் ஆபத்து இருப்பதால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. சொன்ன வேலையைச் செய் என்கிறது இரண்டாம் விதி. உன்னைக் காப்பாற்றிக்கொள் என்கிறது மூன்றாம் விதி. கிட்டப் போகவும் முடியாமல், திரும்பி வரவும் முடியாமல், குடித்தவன்போல உளறிக்கொண்டு ஓடுகிறது. விதிகள் எங்கே இடறும் என்பதுதான் ஐயா கதையே. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் இதே விதிகளைத் திரையில் போட்டு, பாதுகாப்புக்கு இவைதான் அடிப்படை என்றார்கள். எழுந்து இந்தக் கதையைச் சொன்னேன். கேள்விகளைக் கடைசியில் பார்ப்போம் என்றார் பயிற்சியாளர். அந்தக் கடைசி வரவே இல்லை.

கட்டுரையில் வரும் எழுத்தாளர் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லாததைப் பற்றிப் பேசவேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. மேரி ஷெல்லியின் முதல் நாவலான ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818இல் வெளிவந்தபோது அட்டையில் அவர் பெயரே இல்லை. கணவர்தான் எழுதியிருப்பார் என்று பலர் முடிவுகட்டினார்கள். ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற பெயரில் வந்த கதைகளைப் படித்துவிட்டு, இதை எழுதியது ஆண்தான் என்று சக எழுத்தாளர் ஒருவர் சத்தியம் செய்யாத குறை. பின்னால் பார்த்தால் எழுதியது ஆலிஸ் ஷெல்டன். வங்க எழுத்தாளர் பேகம் ரொக்கையா 1905இலேயே ஒரு கதையில் ஆண்களை அந்தப்புரத்தில் அடைத்துவிட்டு, சூரிய வெப்பத்தைச் சேமித்து நாடாளும் பெண்களை எழுதிவிட்டார். அது அச்சானதும் சென்னையிலிருந்து வந்த ஒரு மகளிர் இதழில்தான். இதழ் நடத்தும் தங்களுக்கு நான் சொல்லவேண்டுமா?

சரி, பட்டியலை இனி மாற்ற முடியாது. ஒரே ஒரு வேண்டுகோள். பெட்டிச் செய்தியில், கழுத்தில் ஆணி வைத்த பச்சை முகத்துக்குக் கீழே ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது அந்த உயிரைச் செய்தவனின் பெயர். நாவலில் அந்தப் பிறவிக்குப் பெயரே கிடையாது. பெயர்கூட வைக்காமல் பயந்து ஓடினானே, எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். மூலையில் இருந்தாலும் பரவாயில்லை, எழுத்து மட்டும் கண்ணாடி போட்டால் தெரிகிற அளவில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி