கடாரம் வென்ற கதைக்கு அப்பால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கெடாவின் சண்டிகள் எனப்படும் பழங்கோயில் எச்சங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியமைக்கு நன்றி. ஆயினும், 1025-ஆம் ஆண்டில் முதலாம் இராஜேந்திர சோழன் கடாரத்தின்மீது, அதாவது பழைய கெடாவின்மீது, படையெடுத்த செய்தியே கட்டுரையின் தொடக்கமும் முடிவுமாக அமைந்துவிட்டது எனக்குப் பெரும் மனக்குறை. அப்பள்ளத்தாக்கிலுள்ள புக்கிட் பத்து பஹாட் கோயிலை அவனே கட்டுவித்தான் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லும் கல்வெட்டு எதுவும் அக்கோயிலில் கிடைக்கவில்லை.

அந்தக் கோயிலைப் பேரப்பிள்ளைகளுடன் பலமுறை சென்று பார்த்திருக்கிறேன். ஓடையின் சலசலப்புக்கு அருகே, கருங்கல் அடித்தளத்தின்மேல் வரிசையாக நிற்கும் தூண்தாங்கிகளின் நடுவே வட்டக் குழிகள் இருக்கும். மரத்தூண்கள் நின்ற இடம் அது. மரமும் கூரையும் மண்ணோடு போக, குழிகளில் இன்று மழைநீர் தேங்கி நிற்கிறது. தமிழகத்துக் கற்றளிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு கை, வேறு நாட்டு மழைக்கேற்ற கட்டுமானம் என்பது அங்கேயே விளங்கும்.

வெற்றிக்கு முந்திய உறவைக் கட்டுரை தொடவே இல்லை. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு, இராஜேந்திரனின் தந்தை இராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே பள்ளிச்சந்தமாக, அதாவது சமயப் பள்ளிக்கான நிலக்கொடையாக, அளித்தான். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் உள்ள செப்பேடுகள் அதைச் சொல்கின்றன. வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வந்த மரக்கலங்களுக்கு 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் மலை தொலைவிலிருந்தே வழிகாட்டியது. அதன் அடிவாரத்தில், இன்று கடலை விட்டு உள்ளொதுங்கிக் கிடக்கும் சுங்கை பத்துவில், 2009 முதல் நடந்த அகழாய்வில் படகுத்துறையின் எச்சங்களும் இரும்புருக்கிய உலைக்களங்களும் வெளிப்பட்டன. உலைக்குள் காற்றைச் செலுத்திய மண்குழல்களின் உடைந்த துண்டுகள் அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. அந்த உலைகளில் வெந்து உழைத்தவர்களுக்குக் கட்டுரையில் ஒரு வரியாவது கிடைத்திருக்க வேண்டாமா?

மலாய் அண்டைவீட்டாரிடம் கேட்டால் அவர்கள் முதலில் சொல்வது ராஜா பெர்சியோங் கதையைத்தான். கீரை நறுக்கும்போது சமையற்காரியின் விரல் வெட்டுப்பட்டு, குழம்பில் சொட்டிய இரத்தத்தின் சுவையில் மயங்கிய அரசன் நாளடைவில் மனித இரத்தத்துக்கே அடிமையாகிக் கோரைப்பல் முளைத்தவனானான். குடிமக்கள் கிளர்ந்தெழவே தப்பியோடி, தன் பல்லைப் பிடுங்கி வீசினான் என்பது கதை. அது விழுந்த இடமே கெடாவின் பாலிங் ஊர் என்பார்கள். மலாயில் அச்சொல்லுக்கு எறிதல் என்று பொருள். குடிகளை உண்ணும் அரசனைக் குடிகளே விரட்டிய இக்கதையைக் கெடா மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். நம் தமிழ் ஏடுகளில் அதைக் காண்பது அரிது.

2013-இல், சுங்கை பத்து தோட்டத்தில் இருந்த பதினோராம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. அன்று நாமும் கொதித்தோம். அந்தக் கொதிப்பு சோழன் பெயருக்காக மட்டும் எழுந்திருந்தால், சோழனோடு தொடர்பில்லாத அடுத்த செங்கல் மேடு இடிபடும்போது யார் குரல் கொடுப்பார்கள்? தனியார் நிலங்களில் இன்னும் மண்ணுக்குள் இருக்கும் எச்சங்களை அளந்து, பதிந்து, பாதுகாக்குமாறு மாநில அரசை வலியுறுத்தித் தாங்கள் தலையங்கம் எழுத வேண்டும். கோயிலைப் பற்றிய வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன்.

மாணவர் பக்கத்தில் ராஜா பெர்சியோங் கதையைப் படத்துடன் வெளியிட்டால் மகிழ்வேன். பள்ளி விடுமுறைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பேருந்து ஏறும் பிள்ளைகள் அதற்குள் படித்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சுங்கைப் பட்டாணி, கெடா