சுந்தரத்துக்கு, முக்திநாத் போகுமுன்

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வியாழனன்றே வந்துவிட்டது. பேரனுக்குக் காய்ச்சல். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததிலேயே மூன்று நாள் ஓடிவிட்டது. இப்போது பையன் குதிக்கிறான், எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

நேபாளத்து முக்திநாத் பெருமாளைப் பார்க்கப் போகிறீர்கள், தங்கச்சிக்கு முட்டி வலி, அதனால் பொக்காராவிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள ஜோம்சோமுக்கு ஜீப்பா குட்டி விமானமா என்று கேட்டிருக்கிறாய். "போய் வந்தவன் நீ, ஒரே வரியில் சொல்" என்று அதிகாரம் வேறு. ஒரே வரியில் சொல்ல வரவில்லையடா. நான் போய் வந்த கதையில் ஒரு பாதியை உன்னிடம் சொல்லவே இல்லை.

2018 அக்டோபர். பொக்காரா விமான நிலையத்தில் இரண்டாவது நாளாகக் காத்திருந்தோம். தலைக்கு மேல் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மீன்வால் சிகரம் கையெட்டும் தூரத்தில் நிற்கிறது. கவுன்டரில் இருந்த பெண், பேப்பர் கப்பில் டீயை வைத்துக்கொண்டு, இன்றைக்கும் ரத்து என்றாள். எனக்கு வந்ததே கோபம். "இப்படி வெயிலடிக்கிறது, எதற்கம்மா ரத்து?" என்று கத்தினேன். பின்னாலிருந்த பத்துப் பதினைந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவருக்கு கோரக்பூரில் ரயில், இன்னொருவருக்கு லீவு முடிகிறது, எல்லோருக்கும் பெருமாள் காத்திருக்கிறார். அவள் பதில் பேசவில்லை. வடமேற்கே இருந்த மலையைக் கையால் காட்டி, "அந்தப் பக்கம் மேகம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டிக்கெட் பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

ஜீப்பில் போனோம். வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே போனேன்.

அப்புறம் 2022 மே 29. அதே பொக்காரா, அதே ஜோம்சோம் வழி. காலை 9.55-க்குக் கிளம்பிய, தாரா ஏர் நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் என்ற குட்டி விமானம், பதினைந்து நிமிடத்துக்குள் தொடர்பு அறுந்து காணாமல் போனது. மொத்தப் பயணமே இருபது நிமிடத்துக்கு மேல் இல்லை. உள்ளே 22 பேர்: பதினாறு நேபாளிகள், நம் நாட்டுக்காரர்கள் நான்கு பேர், ஜெர்மானியர் இருவர். அந்த நான்கு பேரும் மும்பைப் பக்கத்து ஒரே குடும்பம். விமானியின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். தொலைபேசி நிறுவனத்தை வைத்து அந்த சிக்னலைப் பிடித்துத்தான் தேடும் இடத்தைக் குறுக்கினார்கள். மறுநாள் காலையில் முஸ்தாங் மாவட்டம் தசாங் பகுதியில், 14,500 அடி உயரத்துப் பாறைச் சரிவில் துண்டு துண்டாகக் கிடந்தது. யாரும் பிழைக்கவில்லை. செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பேப்பர் கப்தான்.

நாம் காலேஜில் கால் வைத்தோமே, அந்த 1979-இல் செய்த விமானம் அது. கிழட்டு விமானம், அதான் விழுந்தது என்று நானும் நினைத்தேன். அது சரியில்லை. 2016 பிப்ரவரி 24 அன்று இதே நிறுவனம், இதே வழி, இன்னொரு ட்வின் ஆட்டர், 23 பேர். அந்த விமானத்துக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. இரண்டும் மேகத்துக்குள் புகுந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மலையில் போய் மோதியவை.

அந்த வழி எப்படி என்றால், கோரேபானி மேட்டைத் தாண்டி காளி கண்டகிப் பள்ளத்துக்குள் நுழைய வேண்டும். இந்தப் பக்கம் அன்னபூர்ணா, அந்தப் பக்கம் தவளகிரி, இரண்டுமே எட்டாயிரம் மீட்டரைத் தாண்டியவை. விமானி கண்ணால் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். பத்துப் பதினொரு மணிக்கு மேல் பள்ளத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்பதால் காலையிலேயே போய்த் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரம். மேகம் வந்தால் திரும்பலாம்தான், ஆனால் திரும்புவதற்கு இடம் வேண்டுமே. "இதோ, கொஞ்சம் தள்ளினால் வெளிச்சம்" என்று ஒரு நிமிடம் ஓட்டிவிட்டால் போதும்.

முன்னால் மலை இருந்தால் கத்தும் கருவி உண்டே என்பாய். உண்டு. 2022 விமானத்தில் அதை அடக்கி வைத்திருந்தார்கள் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. கேட்க அக்கிரமமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இரண்டு பக்கமும் மலைச்சுவர் உள்ள இடத்தில் அது சும்மாவே கத்தும். என் பக்கத்து வீட்டுக் கார் அலாரம் பூனை ஏறினாலும் அலறுகிறது. ஒரு நாள் நிஜமாகவே கண்ணாடியை உடைத்தபோது தெருவில் ஒருத்தர்கூட எழுந்து பார்க்கவில்லை, என்னையும் சேர்த்து.

நம்ம ஊருக்கு இது புதிதா என்ன? 2011 செப்டம்பர் 25, அன்றும் ஞாயிறுதான். எவரெஸ்டைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிய விமானம், காத்மாண்டுப் பக்கம் கோட்டண்டா என்ற குன்றில் மேகத்துக்குள் மோதியது. செத்தவர் 19 பேரில் எட்டுப் பேர் திருச்சிக்காரர்கள், கட்டடத் தொழிலில் இருந்தவர்கள். அத்தனை பெரிய சிகரத்தையெல்லாம் பார்த்துவிட்டு வந்து இந்தக் குன்றிலா என்று அன்றைக்கு டீக்கடையில் பேசாத ஆளில்லை. நீ அப்போது கோவைக்குப் போய்விட்டாய்.

விமானிகளைக் குறை சொல்ல நிறைய இருக்கிறது, அறிக்கைகளில் சொல்லியும் இருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. கவுன்டரில் கத்துகிற என்னைப் போன்றவன் சத்தம் விமானி காதில் விழுமா, விழாதா? அந்தப் பெண்ணின் மேலதிகாரிக்கு விழும். பணம் திருப்பிக் கொடுத்த கணக்கு அவர் மேசைக்குப் போகும். அன்று அவள் நான் போட்ட கூச்சலுக்கு மசிந்து, "சரி, ஏறுங்கள்" என்றிருந்தால்? உன் அண்ணிக்குக்கூட இதை நான் சொன்னதில்லை.

சரி, உன் விஷயம். ஜீப்பென்றால் ஒன்றும் பட்டு மெத்தை இல்லை. மழைக்காலத்தில் மண் சரியும், நாள் பூராவும் குலுக்கும், மூக்கு வாயெல்லாம் புழுதி. மார்ஃபா பக்கத்தில் எங்கள் தலைக்கு மேல் ஒரு குட்டி விமானம் போனது. விமானத்தைவிட மலைச்சுவரில் ஓடிய அதன் நிழல்தான் பெரிதாகத் தெரிந்தது. தங்கச்சியை முன் சீட்டில் உட்கார வை. ஒரே நாளில் போகாமல் வழியில் தாதோபானியில் தங்கு, வெந்நீர் ஊற்றில் காலை வைத்தால் முட்டிக்கு இதமாக இருக்கும். கோயிலுக்குக் கீழே உள்ள ராணிபவுவா ஊரிலிருந்து மேலே போகக் குதிரை கிடைக்கும். நூற்றியெட்டுத் தாரையிலும் குளிக்கிறேன் என்று அவள் அடம் பிடிப்பாள், தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று சொல். தண்ணீர் பல்லைக் கழற்றிவிடும்.

விமானத்தில்தான் போவது என்று முடிவு செய்தால், போ. நான் தடுக்கவில்லை. கையில் இரண்டு நாள் உபரி வைத்துக்கொள், திரும்பும் டிக்கெட்டை நெருக்கிப் போடாதே. எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கூரியரில் அனுப்பியிருக்கிறேன், தயிர்சாதத்துக்கு அங்கே உதவும். பொக்காரா போய்ச் சேர்ந்ததும் போன் செய். ரத்து என்று சொல்லிவிட்டால் அதையும் உடனே சொல்.

உன்,
ராகவன்