அளவு நோட்டை மூடப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் இரவு பதினொன்றரைக்கு நீ அனுப்பிய செய்தியை மறுநாள் காலையில்தான் பார்த்தேன். "அக்கா, அளவு நோட்டு செயலியை மூடிவிடலாம் என்று இருக்கிறேன். பாப்பா பிறந்து நான்கு மாதம் ஆகிறது, தூக்கமே இல்லை. ஆனால் அதைப் பயன்படுத்தும் நாற்பது பேரை நினைத்தால் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை. உன்னைப் போல் தவிப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள், பொதுவில் எழுதட்டுமா என்று கேட்டேன். நீயும் சரி என்றாய்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மூடு. தாராளமாக மூடு. எப்படி மூடுவது என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

படிக்கிற மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்கிறேன். உன் அம்மா வீட்டில் பிளவுஸ் தைக்கிறார். வாடிக்கையாளர்களின் அளவுகளையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒரு மழைநாளில் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, பாதிப் பக்கங்களில் மை கரைந்துபோனது. எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு இஞ்ச் டேப்பை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வாரக் கடைசியில் நீ உட்கார்ந்து எழுதியதுதான் 'அளவு நோட்டு' செயலி.

அதன் முதல் பதிப்பை அம்மாவுக்குக் காட்டியபோது நானும் இருந்தேனே, நினைவிருக்கிறதா? தோள்பட்டை, மார்புச் சுற்று, கை நீளம், முன் கழுத்து, பின் கழுத்து என்று வரிசையாகக் கட்டங்கள். அம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "பதினாலரையை இதில் எப்படிப் போடுவது?" என்றார். நீ புள்ளி ஐந்து என்று காட்டினாய். "ஆறேகாலுக்கு?" புள்ளி இரண்டு ஐந்து. அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டார். அன்று இரவே நீ புள்ளியை எடுத்துவிட்டு கால், அரை, முக்கால் என்று மூன்று பொத்தான்கள் வைத்தாய். அப்புறம் வந்தது பெயர்ச் சிக்கல். அம்மாவிடம் மூன்று லட்சுமிகள் தைக்கக் கொடுக்கிறார்கள். அவர் மனதில் அவர்கள் லட்சுமிகளே இல்லை. ஒருவர் மாடி வீட்டு அக்கா, ஒருவர் பேங்க் மேடம், ஒருவர் டவுனில் இருந்து வருகிறவர். அதனால் பெயர் என்ற கட்டத்தை 'யார்' என்று மாற்றினாய். மேலே பின் கழுத்து டிசைனின் புகைப்படம், கீழே லைனிங் உண்டா இல்லையா, என்றைக்குக் கொடுக்க வேண்டும்.

பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பெரிய குழுக்கள் மாதக்கணக்கில் கூட்டம் போட்டுச் செய்த எத்தனையோ திரைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கால், அரை, முக்கால் பொத்தான்களைப் போல் ஒருவரின் கைப்பழக்கத்துக்குப் பொருந்திய ஒன்றை அபூர்வமாகத்தான் பார்த்தேன். பயன்படுத்துகிறவர் பக்கத்து அறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார், நீ எழுதுவது யாருக்கு என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் காரணம்.

அம்மாவிடமிருந்து பக்கத்துத் தெரு டெய்லருக்கு, அவரிடமிருந்து அவர் தங்கைக்கு என்று நாற்பது பேர் ஆகிவிட்டார்கள். "இதை ஸ்டார்ட்அப் ஆக்கு", "மாதச் சந்தா வை" என்று நண்பர்கள் சொன்னதாக முன்பு எழுதியிருந்தாய். நீ அதைக் கேட்காதது எனக்கு இன்றும் மகிழ்ச்சி. ஒரு பிளவுஸுக்குக் கூலி வாங்கிப் பிழைக்கிறவர்களிடம் சந்தா கேட்கும் மனம் உனக்கு வந்திருக்காது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

நம் தொழிலில் தொடக்கக் கதைகளை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது ஹெல்சின்கி மாணவர், வெறும் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், பெரிதாக ஒன்றும் ஆகாது என்று அறிவித்தார். அது லினக்ஸ் ஆனது. 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் கீடோ வான் ரோசம் பொழுதைக் கழிக்க ஏதாவது வேண்டும் என்று தொடங்கியது பைதான் என்ற நிரல்மொழி ஆனது. இந்த இரண்டையும் நீ எத்தனை முறை கேட்டிருப்பாய்! முடித்துவைத்த கதைகளை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2018 ஜூலையில், அந்த மொழியில் ஒரு புதிய எழுதும் முறையைச் சேர்ப்பது பற்றி நடந்த நீண்ட சண்டைக்குப் பிறகு, கீடோ தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். களைத்துவிட்டேன் என்பதை அவர் மறைக்கவில்லை. தனக்குப் பின் இன்னார் என்று யாரையும் நியமிக்கவும் இல்லை, நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள் என்று மற்றவர்களிடம் விட்டுவிட்டார். அவர்கள் சில மாதங்கள் பேசி, வாக்கெடுத்து, 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். பைதான் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அதைவிட என்னைத் தொட்டது, நிரல் எழுதப் பயன்படும் விம் எடிட்டரின் கதை. நெதர்லாந்துக்காரர் பிராம் மூலனார் 1988இல் தன் அமிகா கணினியில் ஒரு நல்ல எடிட்டர் வேண்டும் என்று தொடங்கினார். 1991இல் அது வெளியே வந்தது. பிடித்திருந்தால் உகாண்டாவில் உள்ள பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். விம்மை வெறுமனே திறந்தால் முதல் திரையிலேயே அந்த வேண்டுகோள் அடிக்கடி தெரியும். 2023 ஆகஸ்டில் அவர் இறந்தார். முப்பது வருடத்துக்கும் மேல் ஒருவர் கையிலேயே இருந்த மென்பொருள் அது. ஆனால் பல வருடமாகக் கூடவே வேலைசெய்த கிறிஸ்டியன் பிராபன்ட் இருந்தார், வேறு சிலரும் இருந்தார்கள். 2024 ஜனவரியில் 9.1 பதிப்பு வந்தது. அதை பிராமுக்கே காணிக்கையாக்கினார்கள்.

சரி, உன் செயலி விம்மும் இல்லை, பைதானும் இல்லை. ஆனாலும் களைத்துப்போனவர் சாவியை யார் கையில் கொடுக்கிறார் என்பது சின்ன மென்பொருளுக்கும் பொருந்தும். 2018இல் ஈவென்ட் ஸ்ட்ரீம் என்ற, மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை எழுதியவர், தானே இனி அதைப் பயன்படுத்தவில்லை என்ற நிலையில், பார்த்துக்கொள்கிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பிய முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் அதன் வழியாக பிட்காயின் பணப்பை ஒன்றிலிருந்து திருடும் நிரலை நுழைத்தார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரம் உனக்கே தெரியும். சம்பளமில்லாமல் பல வருடம் அதைத் தனியாகப் பார்த்துக்கொண்ட லாசே காலின், மனநலப் பிரச்சினையால் சோர்ந்திருப்பதை 2022இல் வெளிப்படையாகவே எழுதினார். அந்தச் சோர்வின் நடுவே உதவ வந்த ஒரு புனைபெயர், இரண்டு வருடம் நல்லவராக நடந்து நம்பிக்கை பெற்று, 2024இல் மற்றவர் கணினிக்குள் மறைவாக நுழைய ஒரு புறவாசல் வைத்தது. சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. இந்த இரண்டு ஆசிரியர்கள் மீதும் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவர்கள் களைத்திருந்தபோது பக்கத்தில் தெரிந்தவர் யாரும் இல்லை.

எனவே, "நான் வாங்கி நடத்துகிறேன்" என்று யாராவது உனக்கு எழுதினால், முகம் தெரியாதவருக்குக் கொடுக்காதே. அதில் இருப்பது பெண்களின் உடல் அளவுகளும் போன் எண்களும். தெரிந்தவர் கிடைக்காவிட்டால் மூடுவதே மேல்.

தமிழிலும் இப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. பாமினி எழுத்துருவில் எழுதியது டிஸ்கி முறையில் திறக்காது. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்க் கட்டுரை முழுதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அதையெல்லாம் நாம் இன்று படிக்க முடிகிறதென்றால், சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றியைப் போல, சொந்த நேரத்தில் எழுதி இலவசமாக வைத்த கருவிகள்தான் காரணம். அதிராம்பட்டினத்து உமர் தம்பி உருவாக்கிய தேனீ எழுத்துரு, 2006இல் அவர் மறைந்த பிறகும் எத்தனையோ வலைப்பதிவுகளைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒட்டி எடுக்கிற ஒரு பெட்டி, மாற்று என்று ஒரு பொத்தான், அவ்வளவுதான் அந்த மாற்றிகள். பழைய வடிவத்திலிருந்து வெளியேற ஒரு வழி இருந்தால் உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும் என்று நான் கற்றது அவர்களிடம்தான்.

நான் செய்த தவறையும் உனக்குச் சொல்ல வேண்டும். கல்லூரி முடித்த புதிதில், எங்கள் ஊரிலிருந்து சுற்றுக் கிராமங்களுக்குப் போகும் பேருந்து நேரங்களைத் தொகுத்து ஒரு சின்ன தளம் வைத்திருந்தேன். பேருந்து நிலையத்தில் மூன்று ஞாயிறுகள் நின்று எழுதிக்கொண்டுவந்த நேரங்கள். வேலை மாறி, ஊர் மாறி, அதை மறந்தேபோனேன். தளத்தின் முகவரிப் பெயரை, அதாவது டொமைனை, புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் ஓர் ஆசிரியை எப்படியோ என் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தார். பள்ளி அறிவிப்புப் பலகையில் அந்த முகவரியை எழுதி வைத்திருந்தாராம். பிள்ளைகள் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது என்றார். அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தளத்தை நிறுத்தியது எனக்கு வருத்தமில்லை. யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நீ அப்படிச் செய்யாதே. முதலில் ஒரே ஒரு கடைசிப் பதிப்பு வெளியிடு. அதில் புதிதாக ஒரு பொத்தான் போதும்: எல்லா அளவுகளையும் பிடிஎஃப் ஆக்கித் தருவது. பக்கத்துக்கு ஒருவர், மேலே அந்த 'யார்', கீழே அளவுகள் கால் அரை முக்காலோடு, ஓரத்தில் கழுத்து டிசைன் படம். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து ஸ்பைரல் போட்டால் அது மறுபடியும் நோட்டு. எக்செல் கோப்பும் கொடு, ஆனால் பிடிஎஃப்தான் அவர்களுக்கு முக்கியம்.

அப்புறம் நாற்பது பேருக்கும் போன் செய். குறுஞ்செய்தி போதாது. நாற்பது பேர்தானே, பாப்பா தூங்கும் நேரத்தில் நாளுக்கு இரண்டு பேர் என்றால் மூன்று வாரம். செயலியின் உள்ளே வரும் அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள் என்று உறுதியான பிறகு சர்வரில் உள்ள பேக்கப்பை அழித்துவிடு, அழித்ததையும் அவர்களிடம் சொல். ஏற்கெனவே போனில் நிறுவியிருக்கும் செயலி திடீரென்று மறைந்துவிடாது. ஆனால் ஆண்ட்ராய்டு வருடாவருடம் மாறும்போது நீ புதுப்பிக்காவிட்டால், புதுப் போன் வாங்கியவருக்கு பிளே ஸ்டோரில் அது தென்படாமல் போகும். அதையும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லு.

செயலியின் மூல நிரலை அழிக்காதே. நீ அதை வைத்திருக்கும் ரெப்போவையே நீக்கப்போவதாக எழுதியதைப் படித்து உண்மையிலேயே பதறிவிட்டேன். உரிமம் எதுவும் போடாமல் வைத்தால் சட்டப்படி அதை வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. எனவே எம்ஐடியோ ஜிபிஎல்லோ, யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் உரிமம் ஒன்றைப் போடு. முகப்புக் குறிப்பில் ஏன் புள்ளிக்குப் பதில் கால் அரை முக்கால் வைத்தாய், ஏன் பெயருக்குப் பதில் 'யார்' என்று தமிழிலேயே ஒரு பக்கம் எழுது. பிறகு, நிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் அதைக் காப்பகமாக்கிவிடு. படிக்கலாம், நகலெடுக்கலாம், மாற்ற முடியாது. கேள்விகளும் வந்து குவியாது. சர்வரின் கடவுச்சொல்லோ யாருடைய அளவோ உள்ளே போயிருக்கிறதா என்று பழைய பதிவுகள் வரை தேடிப் பார்த்துவிட்டுப் பொதுவாக்கு.

எந்த மாதம் மூடுவது என்பதை நீயும் நானும் முடிவுசெய்ய வேண்டாம். ஆடியில் கல்யாணம் இல்லையே என்று நான் ஒருமுறை சொன்னபோது, தள்ளுபடியில் எடுத்த புடவைக்கெல்லாம் அந்த மாதம்தான் பிளவுஸ் தைக்க வருவார்கள் என்று உன் அம்மா சிரித்தார். ஜூனில் பள்ளிச் சீருடை. புரட்டாசி பிறந்தால் தீபாவளி வேலை. கைக்கு ஓய்வான வாரம் எது என்று அவரைக் கேள்.

பிடிஎஃப் பொத்தானை நான் எழுதித் தருகிறேன். இந்த ஞாயிறு மதியம் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவின் அளவுகளை அன்றே அச்செடுத்துப் பார்த்துவிடலாம், படம் தெளிவாக வருகிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். நீ பாப்பாவோடு கொஞ்சம் தூங்கு.

அன்புடன்,
அக்கா