பாப் ஃபில்டரில் மூச்சு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வது பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். கைக்காசைப் போட்டுப் பாட வருகிற பிள்ளைகளுக்கு உபயோகமான கட்டுரைதான். ஆனால் மூச்சுச் சத்தத்துக்கு அதில் சொல்லியிருக்கும் இரண்டு வைத்தியமும் சரியில்லை. மைக்குக்கு முன்னால் பாப் ஃபில்டர் என்ற வலையை மாட்ட வேண்டுமாம், மிச்சமிருக்கும் மூச்சைக் கடைசியில் மென்பொருளில் துடைத்துவிட வேண்டுமாம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் கானா பாடுகிற பையன்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். அப்புறமும் மூச்சு கேட்கவே, "மைக்கு சரியில்ல" என்று அடுத்த மைக் வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

'ப' சொல்லும்போது உதடு சட்டென்று திறந்து காற்று வெளியே பாய்கிறது. அது மைக்கின் சவ்வில் மோதி 'தொம்' என்று விழும். பாப் ஃபில்டர் உடைப்பது அந்தக் காற்றைத்தான். மூச்சை உள்ளே இழுக்கும்போது மைக்கை நோக்கி எந்தக் காற்றும் வருவதில்லை. தொண்டையிலும் உதட்டிலும் உள்ள குறுகலான வழியில் காற்று உரசுகிற 'ஸ்ஸ்' சத்தம்தான் பதிவாகிறது. குரல் எப்படி வலையைத் தாண்டி வருகிறதோ, அப்படியே அந்தச் சத்தமும் தாண்டி வரும். பாப் ஃபில்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. 15 சென்டிமீட்டர் எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் காலுறையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, மைக்குக்கு 8 சென்டிமீட்டர் முன்னால் நிறுத்தினால் 'ப'வுக்குப் போதும். மூச்சுக்கு அது மருந்தில்லை.

அப்படியானால் மூச்சு ஏன் இவ்வளவு கேட்கிறது? பாடும் சத்தத்துக்கும் மூச்சுச் சத்தத்துக்கும் இடையில் உள்ள அளவு வித்தியாசம் குறைந்துபோவதால். எங்கள் பக்கத்தில் ஒற்றை அறை வீடுகள்தான் அதிகம். எல்லோரும் தூங்கின பிறகு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து, மைக்கை வாயோடு ஒட்டி வைத்து முணுமுணுப்பாகப் பாடுகிறார்கள். குரல் பாதியாகிவிடுகிறது, மூச்சு மட்டும் முழுசாக இருக்கிறது. மைக்கைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும் என்பதும் அரை உண்மைதான். மைக்கின் தூரம் இரண்டு மடங்கானால் குரலும் 6 டெசிபல் குறையும், மூச்சும் அதே 6 டெசிபல் குறையும். ஆனால் தள்ளி நிற்கிறவர் தானாகவே வாய்விட்டுப் பாடுவார். பலன் அதில்தான் இருக்கிறது. கொருக்குப்பேட்டையிலோ பேசின் பிரிட்ஜிலோ இரண்டு ரயிலுக்கு நடுவில் கிடைக்கிற பத்து நிமிஷப் பகல் நேரம், நடுராத்திரி இரண்டு மணிநேர முணுமுணுப்பைவிட மேல். ஒரே மூச்சில் முழுப்பாட்டையும் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, சரணம் சரணமாக எடுக்கலாம்.

மைக்கை வைக்கும் இடம் அடுத்தது. வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர், ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் புருவ மட்டம், மைக்கின் முகம் கொஞ்சம் கீழே சாய்ந்து மூக்கைப் பார்க்கட்டும். பக்கவாட்டில் 30 டிகிரி அளவுக்கு விலக்குங்கள். நேராக இல்லாமல் பக்கத்திலிருந்து வரும் கீச்சு அலைவரிசைகள் மைக்கில் கொஞ்சம் மழுங்கும், மூச்சின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. பலர் மைக்கை நெஞ்சு மட்டத்தில் வைக்கிறார்கள். வரி முடிந்ததும் மூக்கு வழியாக விடும் காற்று நேரே கீழே இறங்கி அதன்மேல் விழுகிறது. அந்த 'புஸ்' சத்தத்தை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுகிற லோ கட் ஓரளவு குறைக்கும், ஆனால் இடத்தை மாற்றினால் அந்த வேலையே வராது. அறையின் எதிரொலிக்காகப் போர்வை, ரசாய் கட்டுவதாக இருந்தால் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கட்டுங்கள். கார்டியாய்டு மைக் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் கேட்கிறது, அதன் முதுகைத் தெருப்பக்க ஜன்னலுக்குத் திருப்பி வைத்தால் கன்டெய்னர் லாரி சத்தமும் குறையும். முட்டை அட்டை ஒட்டுவது சுவருக்கு அலங்காரம், அவ்வளவுதான்.

போனில் பதிவு செய்கிறவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. பல போன்களின் ரெக்கார்டர் பேச்சுக்காகச் செய்யப்பட்டது, சத்தம் குறைந்தால் தானாகவே ஏற்றிவிடும். வரி முடிந்து அமைதி வந்ததும் அது ஏற்றிக்கொண்டே போகும், அந்த நேரம் பார்த்து நீங்கள் மூச்சு இழுப்பீர்கள். மூச்சு, பல்லவி அளவுக்குக் கேட்பதன் ரகசியம் இதுதான். தானியங்கி கெயினை நிறுத்த வழியுள்ள செயலியில் பதிவு செய்யுங்கள். அளவு, உரக்கப் பாடும் இடத்தில் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும்.

பாடுகிறவர் செய்ய வேண்டியதும் உண்டு. உதட்டைக் குவித்து உறிஞ்சினால் சத்தம், 'ஆ' என்று சொல்லப்போவதுபோல் தொண்டையைத் திறந்து இழுத்தால் சத்தம் நன்றாகக் குறையும். தாளில் பாட்டை எழுதும்போதே எங்கெங்கே மூச்சு என்று ஒரு கோடு போட்டுவிடுங்கள். கானாவில் வார்த்தைகள் அடுக்கடுக்காக வரும், குறிக்காமல் போனால் கடைசி நொடியில் திணறித்தான் இழுக்க வேண்டியிருக்கும், அந்தத் திணறல் அப்படியே பதிவாகும். மூச்சு இழுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. திரும்பி வருவதற்குள் முதல் எழுத்து மங்கலாக விழும், வேண்டாம்.

இனி, கட்டுரை கண்டுகொள்ளாமல் விட்ட முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பதிவில் அடங்கியிருந்த மூச்சை மிக்ஸிங்கில் தூக்கிவிடுவது, உரத்த சத்தத்தை மட்டும் அமுக்குகிற கம்ப்ரஸர். குரல் மைனஸ் 8 டெசிபலில், மூச்சு மைனஸ் 34ல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 26. கம்ப்ரஸர் குரலை 8 டெசிபல் அமுக்குகிறது, குறைந்ததை ஈடுகட்ட எல்லாவற்றையும் 8 ஏற்றுகிறோம். குரல் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, அமுங்காத மூச்சோ மைனஸ் 26க்கு ஏறிவிட்டது. இடைவெளி 18 ஆயிற்று. கடைசியில், உச்சத்தை ஒரு அளவுக்கு மேல் போகவிடாத லிமிட்டர் இன்னொரு 4 டெசிபல் அமுக்கி, அதையும் ஏற்றி ஈடுகட்டினால் 14தான் மிச்சம். அதற்கும் மேல் எக்கோ போட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு வால் முளைக்கும். ஆகவே மூச்சைக் குறைக்கும் வேலை கம்ப்ரஸருக்கு முன்னால் நடக்க வேண்டும். கடைசியில் துடைப்பது ஏறின வெள்ளத்தை வாளியில் இறைக்கிற கதை.

அதைக் கையால் செய்வதே நல்லது. மூன்று நிமிஷப் பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலேயே முடியும். திரையைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால், கொழுத்த அலைக்கு முன்னே, நெத்திலி மீன் மாதிரி மெலிந்த ஒரு வீக்கம் தெரியும். அதுதான் மூச்சு. அதை மட்டும் தேர்வு செய்து 6 முதல் 10 டெசிபல் குறையுங்கள், இரண்டு ஓரத்திலும் 10 மில்லி செகண்டுக்குச் சத்தம் படிப்படியாக ஏறி இறங்கும்படி ஃபேட் வையுங்கள், இல்லாவிட்டால் 'டிக்' என்று கேட்கும். போனில் வேலை செய்கிறவர்கள் மூச்சுகளை மட்டும் வெட்டி இன்னொரு ட்ராக்குக்கு நகர்த்தி, அந்த ட்ராக்கின் சத்தத்தை மொத்தமாக இறக்கிவிடலாம். 'ச'வில் தொடங்கும் வரியில் மட்டும் அவசரப்படக் கூடாது. மூச்சின் முடிவும் 'ச'வின் தொடக்கமும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு மயிரிழை அதிகமாக வெட்டினால் 'சாமி' 'தாமி' ஆகிவிடும். கண்ணை நம்பாமல் ஹெட்ஃபோனில் கேட்டு வெட்டுங்கள்.

இதற்குச் சோம்பல்பட்டு, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகிற சத்தத்தைத் தானே மூடிவிடும் நாய்ஸ் கேட் போடுகிறவர்கள் உண்டு. அந்த நாய்ஸ் கேட்டுக்கு மூச்சும் தெரியாது, வரி முடிவில் இழுத்துத் தேய்ந்து போகிற 'ஏ'யும் தெரியாது. இரண்டையும் சேர்த்து நறுக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் முழுக்க மூடாமல் 8 டெசிபல் மட்டும் இறங்கும்படி வையுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் என்பது ஃபேன் மாதிரி ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்கு. வந்து வந்து போகும் மூச்சுக்கு அதைப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும்.

மூச்சை முழுசாகத் துடைப்பதும் கூடாது. வரிக்கு வரி வெறும் சூனியம் விழுந்தால், பாடுவது ஆளா இயந்திரமா என்று காது சந்தேகப்படும். உச்சஸ்தாயிக்கு ஏறுவதற்கு முன் வருகிற மூச்சு தாளத்தோடு சேர்ந்தது, கானாவில் அது பாட்டுக்கே உரியது. கோரஸ் ட்ராக்குகளில் மட்டும் மொத்தமாக எடுத்துவிடுங்கள். நான்கு பேர் நான்கு நேரத்தில் இழுத்தால் இரைச்சலாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, ராயபுரம், காசிமேடு கடலோரத்துக்காரர்களுக்கு. கண்டன்சர் மைக்கில் 'படபட' என்று கேட்டால் அது மூச்சாக இல்லாமலும் இருக்கலாம். ஈரக்காற்றும் வாயின் ஈரமும் சேர்ந்து சவ்வில் படிந்தால் அப்படித்தான் பொரியும். வேலை முடிந்ததும் மூடி இறுகின டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு போட்டு வையுங்கள்.

பாப் ஃபில்டர் பற்றிய அந்த வரிக்கு அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போட்டால், இன்னொரு மைக்குக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் பையன்களுக்கு அந்தக் காசு மிச்சமாகும்.

இப்படிக்கு,
வீட்டுப் பதிவுகளுக்கு மிக்ஸிங் செய்து தருவோர்,
வியாசர்பாடி, சென்னை