வண்டியை எண்ணினால் போதுமா?

ஐயா,

2025 கோடையில் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் மட்டும் என்று கொண்டுவந்த இ-பாஸ் வரம்பு குறித்த செய்தியைப் படித்தேன். வரவேற்கிறேன். ஆனால் வண்டியின் எண்ணிக்கை வேறு, உள்ளே இருப்பவரின் நடத்தை வேறு. குளிருக்காக வருபவர் ஊட்டியோடு திரும்பிவிடுவார். விலங்கைப் பார்த்தே தீர வேண்டும் என்று வருபவர்தான் முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்துகிறார்.

கூடலூரிலிருந்து மசினகுடிக்கு அடிக்கடி பேருந்தில் போகிறவன் நான். சென்ற மாதம் முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காட்டுக்கு முன்னால், ‘விலங்குகளுக்கு உணவு தராதீர்கள்’ என்ற பலகைக்கு அடியிலேயே ஒரு கார். ஜன்னல் வழியே சிப்ஸ் பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்தது ஒரு குழந்தை. குரங்கு பாக்கெட்டோடு பிடுங்கிக்கொண்டு ஓடியது. எங்கள் நடத்துநர் சத்தம் போட்டதும், “இவ்வளவு தூரம் வந்தும் ஒரு யானையைக்கூடப் பார்க்கவில்லை, பிள்ளை ஆசைப்பட்டாள் சார்” என்றார் அப்பா. கெட்ட மனிதராகத் தெரியவில்லை. ஏமாற்றத்தோடு திரும்புகிறவருக்குப் பலகை கண்ணில் படாது. அப்புறம் அபராதம் போட்டு என்ன பயன்?

எனவே, காட்டு வழியைத் தேர்வு செய்பவருக்கு இ-பாஸோடு ஒரு நிமிடக் குரல் பதிவையும் அனுப்பலாம். யானை கண்ணில் படாமல் போவது காட்டில் சகஜம், குரங்குக்குத் தீனி கொடுத்தால் அது சாலையை விட்டு நகராது, அடிபட்டுச் சாகும் என்று தமிழ், மலையாளம், கன்னடத்தில் சொன்னால் போதும். பேசுவது இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த குறும்பர், இருளர் இளைஞர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

- ஒரு வாசகர், கூடலூர்