மாவில் எண்ணெய் விடும் கிரைண்டர், கைவிட்ட சர்வீஸ்: புகார் கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் இரண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டரை தென்னாப்பிரிக்கா டர்பனில் உள்ள உங்கள் டீலரிடம் நவம்பர் மாதம் வாங்கினோம். பில், வாரன்டி அட்டை, சீரியல் நம்பர், மாவின் போட்டோ எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இவை உங்களிடம் ஏற்கெனவே இருப்பவைதான். தயவுசெய்து மறுபடியும் கேட்காதீர்கள்.

கோளாறு நடுத்தண்டு சீலில், அதாவது மெஷின் எண்ணெய் மாவுக்குள் கசியாமல் தடுக்கிற அடைப்பில். உங்கள் மெஷின், உங்களுக்கே தெரியும். உளுந்து பாதி அரைபடும்போதே மாவில் சாம்பல் நிறத்தில் கோடு ஓடுகிறது. குழவிக்கல்லைத் தூக்கிப் பார்த்தால் தண்டைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கறுப்பு வளையம். தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் தங்கிவிடுகிறது. மோந்து பார்த்தால் மெஷின் எண்ணெய். இதைத்தான் உங்கள் டீலர் கடைக்காரர், "புது மெஷின்னா முதல்ல அப்படித்தான் இருக்கும், நாலு தடவை அரைச்சுக் கொட்டுங்க" என்றார். கொட்டினோம். உளுந்து இங்கே என்ன விலை என்று அவருக்குத் தெரியாதா?

எங்கள் ஊர் ஸ்டேங்கர். அரசாங்கப் பெயர் க்வாடுகுசா. கரும்புக்காட்டுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். நானும் என் வீட்டுக்காரரும் வீட்டிலிருந்தே இட்லி, வடை, தோசை மாவு ஆர்டர் எடுத்துச் செய்கிறோம். டிசம்பரில் பள்ளிக்கூடம் மூடினால் ஜோஹனஸ்பர்க்கிலிருந்து பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து இறங்குவார்கள், ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பேர் கூடுதலாக இருப்பார்கள். 16ஆம் தேதி நல்லிணக்க நாள் விடுமுறை, கிறிஸ்துமஸ், அடுத்த நாள் விடுமுறை, புது வருஷம், பொங்கல், அப்புறம் தைப்பூசக் காவடி என்று வரிசையாக ஆர்டர் வரும். வருஷம் முழுக்க நாங்கள் சாப்பிடுவது இந்த ஒரு சீசன் சம்பாத்தியத்தில்தான். அதை முழுசாக அழித்துவிட்டீர்கள். சொன்ன தேதிக்கு வடை கொடுக்க முடியாமல் எத்தனை வீட்டில் தலைகுனிந்து நின்றோம்! இத்தனை வருஷம் சேர்த்த பெயர் போய்விட்டது. அதற்கு எந்த வாரன்டி அட்டையில் இடம் இருக்கிறது?

உங்கள் கம்பெனி மேல் மரியாதை இருப்பதால்தான் இவ்வளவு பொறுமையாக எழுதுகிறேன். நான் திருநெல்வேலியில் பிறந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். எங்கள் அம்மா வீட்டில் ஓடியதும் கோயம்புத்தூர் கிரைண்டர்தான். புவிசார் குறியீடு வாங்கிய பொருள், நம்ம ஊர்க் கல், ஏமாற்றாது என்று வீட்டுக்காரரிடம் நான்தான் அடித்துச் சொல்லி வாங்க வைத்தேன்.

டர்பனுக்கு இங்கிருந்து போக எழுபது கிலோமீட்டருக்கு மேல். என்-2 நெடுஞ்சாலையில் ம்வோட்டியில் ஒரு டோல், டோங்காட்டில் ஒரு டோல், திரும்பும்போது மறுபடியும் இரண்டு. டிசம்பரில் பலிட்டோ, அம்ஷ்லாங்கா கடற்கரைக்குப் போகிற கார்களெல்லாம் அதே ரோட்டில்தான் நிற்கும். இந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும் ஏறுவதும் லேசான வேலையா? கல்லோடு சேர்த்து என்ன கனம் என்று செய்கிறவர்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி.

ஒரு நாள் மட்டும் என்னால் மறக்கவே முடியவில்லை. "சீல் வந்துவிட்டது, மெஷினோடு வாருங்கள்" என்று டீலர் மெசேஜ் அனுப்பினார். சரி, ஒரே போக்கில் பிள்ளைகளையும் கடற்கரைக்குக் கூட்டிப் போகலாம் என்று, ஜோஹனஸ்பர்க்கிலிருந்து வந்திருந்த நாத்தனார் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டோம். உஷாகாவில் மீன் பார்ப்பது, ராத்திரி பொட்டானிக் கார்டனில் விளக்கு அலங்காரம் பார்ப்பது என்று பிள்ளைகள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். கடையில் கவுன்ட்டரில் இருந்தவர் டப்பாவைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது வேற மாடலுக்கு வந்தது" என்றார். அவ்வளவுதான். ஒரு மன்னிப்புக்கூட இல்லை. மெஷினை அங்கேயே விட்டுப் போகிறோம் என்றால், வைக்க இடம் இல்லையாம். பின்சீட்டில் பெரிய கிரைண்டரை வைத்துக்கொண்டு டர்பன் கடற்கரையில் காரை நிறுத்த முடியுமா? திரும்பி வரும்போது கண்ணாடிச் சில்லுதான் மிச்சம் இருக்கும், இங்கே இருக்கிறவர்களுக்கு இது தெரியும். தண்ணீரில் கால் நனைக்காமல் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டி வந்தோம். சின்னவன் டோங்காட் டோல் வரை அழுதான். இந்த சீசனில் நாங்கள் டர்பன் போனதெல்லாம் உங்கள் டீலர் கடைக்குத்தான். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மசாலா வாங்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

நடுவில் ஒரு முறை மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு "ரிப்பேர் ஆச்சு" என்று திருப்பிக் கொடுத்தார்கள். பெல்ட்டை மாற்றியிருக்கிறார்கள். பெல்ட்டைப் பற்றி யார் புகார் சொன்னது? வீட்டுக்கு வந்து அரைத்தால் அதே எண்ணெய்.

பிளக் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் அனுப்பும் மெஷினில் இந்தியச் சின்ன மூன்று முள் பிளக் இருக்கிறது. இங்கே சுவரில் இருப்பது பெரிய உருண்டை முள். விற்கும் அன்றைக்கு டீலரே கடையில் அதை வெட்டிப் பெரிய பிளக் போட்டுக் கொடுத்தார். இப்போது, "பிளக்கை மாற்றியிருக்கிறீர்கள், வாரன்டி செல்லாது" என்கிறார். அப்புறம், "இங்கே கரண்ட் வேற" என்று இன்னொரு காரணம். இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கேயும் அதேதான். அப்படியே வேறாக இருந்தாலும் கரண்ட் போய் சீலைக் கிழிக்குமா?

டீலர் உங்களிடம் கேட்கச் சொல்கிறார். நீங்கள் டீலரிடம் கேட்கச் சொல்கிறீர்கள். உங்கள் கஸ்டமர் கேர் இந்திய நேரம் ஆறு மணிக்கு மூடிவிடும். இங்கே அப்போது மதியம் இரண்டரை. காலையில் அடுப்பில் இட்லிச் சட்டியை வைத்துக்கொண்டே ஒரு கையில் போனைப் பிடித்து நிற்கிறேன். அப்படி நின்ற ஒரு நாள் உங்கள் ஆள் ஒருவர் கேட்டார்: "ஆப்பிரிக்காவுல யாரும்மா இட்லி திங்கறாங்க? மிக்ஸியில போட்டு அரைச்சுக்கோங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தது எனக்குக் கேட்டது.

ஐயா, 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் கரும்புக்காட்டு ஒப்பந்தக் கூலியாட்களோடு டர்பன் வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரரின் முன்னோரும் அப்படிக் கரும்பு வெட்டக் கப்பல் ஏறி வந்தவர்கள்தான். பேச்சு மறந்துபோன வீடுகளில்கூட இங்கே பூஜைக்கு வடை சுடுவது நிற்கவில்லை, காவடி எடுப்பது நிற்கவில்லை. அந்த மனிதர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று அவருக்குத் தெரியவேண்டும். அழைப்புகளைப் பதிவு செய்வதாக நீங்களே சொல்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள். மெஷினுக்கு நஷ்ட ஈடு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அவர் என் நம்பருக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாக வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆவது பிரிவு: பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பழுதானால் விற்றவர் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, புதுசா, பணமா என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு. ரிப்பேர் செய்த மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு தீராமல் இருந்தால் புதுசு தரவேண்டும், இல்லாவிட்டால் பணம் தரவேண்டும். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர், விநியோகித்தவர், விற்றவர் என்று ஒவ்வொருவரும் பொறுப்பு என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே அவரைக் கேள், இவரைக் கேள் என்ற பேச்சு இனி வேண்டாம்.

உங்கள் மேல் பகை எதுவும் இல்லை. நல்ல மெஷின் ஒன்று வந்துவிட்டால் வாங்கி வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். தைப்பூசத்துக்கு முன் புது மெஷினை ஸ்டேங்கரில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கவேண்டும். முடியாவிட்டால் கொடுத்த பணம் முழுவதையும், எங்கள் டோல், பெட்ரோல், வீணான பருப்பு, போன ஆர்டர் எல்லாவற்றுக்கும் நஷ்ட ஈட்டையும் தரவேண்டும். இல்லையென்றால் நுகர்வோர் பொருள் சேவைக் குறைதீர்ப்பாளரிடமும், தேசிய நுகர்வோர் ஆணையத்திடமும் இதே காகிதங்களோடு போவேன். ஸ்டேங்கர் முதல் டர்பன் வரை எந்தக் கோயில் சமையல் கூடத்திலும் உங்கள் மெஷினை வாங்க விடமாட்டேன். டர்பனுக்கு இனி ஒரு தடவைகூட இதற்காக வரமாட்டோம். பழையதை எடுக்க உங்கள் ஆள்தான் இங்கே வரவேண்டும்.

பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பொறுப்பான ஒருவரின் பெயரும் கையெழுத்தும் போட்ட கடிதமாக மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஸ்டேங்கர், க்வாஸுலு-நட்டால்